மேசைக்கு ஒரு ஆப், மாடிக்கு ஒரு கேஜ்

“அண்ணே, ஸ்டிக்கர் வெளுத்துப் போச்சு. என்ன கேஸுன்னே தெரியல.”

சித்திரை வெயில் ஏறிவிட்டால் சென்னைப் புறநகரின் பம்மல், அனகாபுத்தூர், பொழிச்சலூர் பக்கத்து ஏ.சி. சர்வீஸ் கடைகளுக்கு மொட்டை மாடியிலிருந்து அடிக்கடி வருகிற போன் இது. மாடியில் பையன் அவுட்டோர் யூனிட்டுக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருப்பான். கடையில் இருக்கும் அண்ணன் வழக்கமாக மூன்று கேள்வி கேட்பார். எந்த கம்பெனி? வாங்கி எத்தனை வருஷம்? கேஜ் எவ்வளவு காட்டுது? பதிலை வைத்து, “இருபத்திரெண்டாத்தான் இருக்கும், போடு” என்பார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். சிக்கல் அந்த ‘பெரும்பாலும்’ என்ற சொல்லில்தான்.

ஒரு தலைமுறைக்கு முன்பு இந்தக் கேள்வியே எழாது. வீட்டு ஏ.சி. என்றால் ஆர்-22, கதை முடிந்தது. இன்று பம்மல் மெயின் ரோட்டிலிருந்து பிரியும் ஏதாவது ஒரு தெருவில் ஏறிப் பாருங்கள். முதல் வீட்டு ஜன்னலில் தாத்தா காலத்து ஆர்-22. எதிர்வீட்டு ஸ்ப்ளிட்டில் ஆர்-410ஏ. புதிதாக எழும்பிய அபார்ட்மென்ட் முழுக்க ஆர்-32. நடுவில் எங்காவது ஒன்றில் ஆர்-290. வேறொன்றுமில்லை, சுத்திகரித்த புரொப்பேன். கோத்ரெஜ் நிறுவனம் 2012-இல் அதை இந்திய வீட்டு ஏ.சி.க்குக் கொண்டுவந்தது. நான்கு வாயுவும் ஒரே தெருவில், ஒரே மாதிரி வெள்ளைப் பெட்டிக்குள். எது எதில் என்று சொல்லும் ஒரே சாட்சி, பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் தகவல் ஸ்டிக்கர். வாயுவின் எண்ணும் எத்தனை கிராம் என்பதும் அதில் இருக்கும். அந்த ஸ்டிக்கரைத்தான் வெயில் முதலில் தின்கிறது.

இந்த இடத்தில்தான் போனில் இருக்கும் ‘கேஸ் கண்டுபிடிக்கும் ஆப்’ பேச்சுக்கு வருகிறது. கடைக் கம்ப்யூட்டரிலும் அதைப் போட்டு வைத்துக்கொள்ளலாமா என்ற கேள்வி கூடவே வருகிறது. போடலாம். ஆனால் அதற்கு முன்னால், அந்த ஆப் எதைக் கண்டுபிடிக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

கடைக்காரர்கள் ஒரே பெயரில் பேசினாலும் ஆப்கள் இரண்டு வகை. முதல் வகைக்கு நல்ல உதாரணம் ‘வாட் கேஸ்?’. ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் ‘ஓசோன் ஆக்‌ஷன்’ பிரிவு பாரிஸில் இருந்து வெளியிட்டது, இலவசம். மெக்கானிக்குகளும் பயன்படுத்தலாம் என்றாலும், அது முக்கியமாக மனதில் வைத்தது சுங்கத் துறை அதிகாரிகளை. பம்மலுக்கு மேலே தாழப் பறக்கும் விமானங்கள் போய் இறங்கும் மீனம்பாக்கத்தில் ஏர் கார்கோ வளாகம் இருக்கிறதே, அங்கே சரக்கைச் சோதிப்பவர்களைப் போன்றோரை. ஒரு உருளையின் மேல் எழுதியிருக்கும் வணிகப் பெயர், ஆர் எண், வேதிப் பெயர், ஐ.நா. எண், சுங்க வகைப்பாட்டு எண் என்று ஏதாவது ஒன்றைக் கொடுத்தால் மற்றதெல்லாம் திரையில் வந்துவிடும். ஓசோனைக் கெடுக்குமா, புவி வெப்பத்தை எவ்வளவு ஏற்றும், தீப்பிடிக்குமா, கலவை என்றால் எதில் எத்தனை பங்கு, ஓசோனைக் காக்கும் மான்ட்ரியல் ஒப்பந்தத்தின் எந்தப் பட்டியலில் இருக்கிறது என எல்லாம்.

இரண்டாவது வகை அழுத்த–வெப்ப அட்டவணை. முன்பு மெக்கானிக்கின் பையில் மடித்துக் கிடந்த அட்டை இப்போது போனுக்குள் போய்விட்டது. டான்ஃபாஸ் நிறுவனத்தின் ‘ரெஃப் டூல்ஸ்’ ஆப்பில் இருக்கும் ஸ்லைடர் இந்த வகை. வெப்பநிலையை விரலால் நகர்த்தினால் அந்த வாயுவுக்குரிய அழுத்தம் வந்து நிற்கும். டேனிஷ் கம்பெனிதான் என்றாலும் அதன் இந்தியத் தொழிற்சாலை நமக்குத் தூரமில்லை, ஒரகடத்தில் இருக்கிறது.

இரண்டில் எதுவும் வாயுவை முகர்ந்து பார்க்காது. முதலாவது, நீங்கள் சொன்ன பெயருக்கு விவரம் சொல்லும். இரண்டாவது, நீங்கள் கொடுத்த வெப்பநிலைக்கு எண் சொல்லும். கேமராவை உருளைக்கு நேரே காட்டினால் உள்ளே இருப்பதைச் சொல்லிவிடுவதாக எந்த ஆப் அளந்தாலும் அதை அழித்துவிடுங்கள். வாயுவின் கலவையை நிஜமாகவே அறிய அகச்சிவப்பு ஒளியைச் செலுத்தி, எது எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளக்கும் தனிக் கருவி உண்டு. சிறு கடைக்காரர் வாங்குகிற விலையில் அது இல்லை.

ஆகவே என் யோசனை இது. பெயர் சொல்லும் ஆப் கடை மேசைக்கு. அழுத்தம் சொல்லும் ஆப் மாடிக்கு. பெயர், பில், உருளையின் சீட்டு, ஸ்டாக் நோட்டு எல்லாம் புழங்கும் இடம் மேசை. அங்கே சின்னத் திரையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தேடுவானேன்? பெரிய திரை இருந்தால் புதுப் பையன்கள் மூன்று பேர் சேர்ந்து பார்க்கலாம், பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டலாம். கிண்டி ஐ.டி.ஐ. போன்ற இடங்களில் இரண்டு வருட ரெஃப்ரிஜரேஷன்–ஏ.சி. டிரேடு படித்துவிட்டு வரும் பையன்களுக்கு இந்த விவரங்கள் புதிதல்ல, ஆனால் படித்தது ஒன்று, மே மாதக் கூட்டத்தில் ஞாபகம் வருவது இன்னொன்று.

இனி நிறுவும் வேலை. கடைக் கம்ப்யூட்டர் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கிய பழைய பெட்டியாக இருந்தாலும் பரவாயில்லை, ஆனால் முதலில் ஒன்றைப் பாருங்கள்: ஆப்பே வேண்டுமா? புவி வெப்பத்தையும் ஓசோன் கேட்டையும் கணக்கிடும், ஓசோன் ஆக்‌ஷனின் இன்னொரு கருவியான ஜி.டபிள்யூ.பி.–ஓ.டி.பி. கணிப்பான் பிரவுசரிலேயே திறக்கும். டான்ஃபாஸின் ‘கூல்செலக்டர் 2’ விண்டோஸுக்கென்றே எழுதிய இலவச மென்பொருள். பாதிக் கேள்விகளுக்கு இவையே போதும். ஆப்பை வெளியிட்டவரின் தளத்தில் கம்ப்யூட்டருக்கான வடிவம் இருக்கிறதா என்று தேடாமல் நேரே எமுலேட்டரை இறக்குவது வீண் வேலை.

இல்லை, போனில் பார்க்கும் அதே ஆப்தான் வேண்டும் என்றால் எமுலேட்டர் தேவை. கம்ப்யூட்டருக்குள் ஒரு பொய் ஆண்ட்ராய்டு போனை உண்டாக்கும் மென்பொருள் அது. ப்ளூஸ்டாக்ஸ், எல்.டி.பிளேயர், நாக்ஸ் என்று பல உண்டு. விண்டோஸ் 11-க்குள்ளேயே ஆண்ட்ராய்டு ஆப்களை ஓட்டும் வசதியை மைக்ரோசாஃப்ட் 2021-இல் கொடுத்தது. அமேசான் ஆப் ஸ்டோர் வழியாக வந்த அந்த வசதிக்கான ஆதரவு 2025 மார்ச் 5-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. அதை நம்பி இன்னும் வழி சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். கேட்காதீர்கள்.

ப்ளூஸ்டாக்ஸ் 5 ஓட குறைந்தது 4 ஜி.பி. ரேமும் 5 ஜி.பி. காலி இடமும் வேண்டும். குறைந்தது என்பது குறைந்ததுதான். 4 ஜி.பி. பெட்டியில் டேலியைத் திறந்து வைத்துக்கொண்டு எமுலேட்டரையும் ஓட்டினால் இரண்டும் இழுக்கும். 8 ஜி.பி.யும் ஒரு எஸ்.எஸ்.டி.யும் இருந்தால் மனுஷன் உட்கார முடியும். பழைய பெட்டிகளில் வரும் முக்கியத் தடங்கல் வேறு. எமுலேட்டருக்கு பிராசஸரின் வெர்ச்சுவலைசேஷன் வசதி திறந்திருக்க வேண்டும், பல பழைய போர்டுகளில் அது மூடியே இருக்கும். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சி.பி.யு.வை அழுத்தினால் ‘வெர்ச்சுவலைசேஷன்’ என்ற வரி தெரியும். ‘டிஸேபிள்டு’ என்றிருந்தால் கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து, டெலிட் அல்லது எஃப் 2 விசையைத் தட்டி, பயாஸுக்குள் போக வேண்டும். இன்டெல் என்றால் வி.டி. என்றும், ஏ.எம்.டி. என்றால் எஸ்.வி.எம். என்றும் ஒரு வரி இருக்கும். அதைத் திறந்துவிட்டு, சேமித்து வெளியே வந்தால் போதும். பக்கத்துக் கம்ப்யூட்டர் கடைப் பையனுக்கு ஐந்து நிமிட வேலை.

அப்புறம் எமுலேட்டரை அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்கி நிறுவி, உள்ளே இருக்கும் ப்ளே ஸ்டோரைத் திறந்து, ஒரு ஜிமெயில் கணக்கில் நுழைந்து, ஆப்பின் பெயரையும் வெளியிட்டவர் பெயரையும் சரிபார்த்து நிறுவினால் முடிந்தது. அந்த ஜிமெயில், உங்கள் வங்கியும் ஜிபேயும் தொங்கிக்கொண்டிருக்கும் கணக்காக இருக்க வேண்டாம். கடைக்கென்று தனியாக ஒன்று போதும். ‘இந்தக் கருவிக்குப் பொருந்தாது’ என்று ப்ளே ஸ்டோர் மறுத்தால், அதே ஆப்பின் ஏ.பி.கே. கோப்பை எவனோ வைத்திருக்கும் இடத்திலிருந்து இறக்கும் ஆசை வரும். ஒரு அட்டவணைக்காகக் கடையின் பில் கணக்கு முழுவதையும் பந்தயம் வைப்பது அது. அதைவிட நல்ல வழி, போனையே யு.எஸ்.பி. கம்பியில் இணைத்து அதன் திரையைக் கம்ப்யூட்டரில் காட்டுவது. ‘ஸ்கிரீன் காப்பி’ என்று உச்சரிக்கப்படும் இலவச மென்பொருள் அதைச் செய்யும். எமுலேட்டர் வேண்டாம், பயாஸ் வேண்டாம், 4 ஜி.பி. பெட்டியிலும் வழுக்கிக்கொண்டு ஓடும். என்னைக் கேட்டால் பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு இதையே முதலில் சொல்வேன்.

டெஸ்டோ போன்ற நிறுவனங்களின் ப்ளூடூத் அளவிகளை வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. குழாயில் மாட்டும் அழுத்த அளவியும் கிளிப் வெப்பமானியும் நேரே போனோடு பேசும். எமுலேட்டருக்குள் இருக்கும் பொய்ப் போனுக்கு ப்ளூடூத் பொதுவாகக் கிடைக்காது. அந்த ஆப்பை மேசையில் நிறுவிப் பயனில்லை, அது மாடிக்கு உரியது.

மாடிக்கே போவோம்.

மூடிய பாத்திரத்துக்குள் ஒரு வாயு பாதி திரவமாகவும் பாதி ஆவியாகவும் இருந்தால் அதன் அழுத்தம் வெப்பநிலையை மட்டும் பொறுத்தது. கால் உருளை இருந்தாலும் அரை உருளை இருந்தாலும் ஒரே அழுத்தம்தான். மெக்கானிக்குகள் ‘ஸ்டாண்டிங் பிரஷர்’ பார்ப்பதன் பின்னால் இருக்கும் நியாயம் இது. 30 டிகிரியில் ஆர்-22 சுமார் 158 பி.எஸ்.ஐ. காட்டும். ஆர்-410ஏ ஏறத்தாழ 259. ஆர்-32 கிட்டத்தட்ட 265. ஆர்-290 சுமார் 142. ஃப்ரிட்ஜில் வரும் ஆர்-134ஏ 97, ஆர்-600ஏ 44.

இந்த எண்களை இன்னொரு முறை பாருங்கள். 259-க்கும் 265-க்கும் இடையே கேஜின் முள் எவ்வளவு நகரும்? ஒரே ஒரு டிகிரி வெப்பநிலை தப்பாக அளந்தாலே ஆர்-410ஏ, ஆர்-32 ஆகிவிடும். அதில் ஆச்சரியமும் இல்லை, ஆர்-410ஏ-வில் எடைக்குப் பாதி ஆர்-32தான், மிச்சப் பாதி ஆர்-125. அவற்றுக்குள் மாறிப்போனால் ஏ.சி. சரியாகக் குளிராது, கம்ப்ரஸர் சூடாகும், ஆர்-32 இலேசாகத் தீப்பிடிக்கும் வகை என்ற கவலையும் உண்டு.

உயிருக்கே வினையாவது மற்ற ஜோடி. ஆர்-22, ஆர்-290. இடைவெளி 16 பி.எஸ்.ஐ. போல இருந்தாலும், வெப்பநிலையை நான்கு டிகிரி அளவு தப்பாக எடுத்தால் அந்த இடைவெளி மறைந்துபோகும். பம்மலின் மொட்டை மாடியில் காலை பதினோரு மணிக்கு வெயில் விழும் பக்கத்துக்கும் சுவர் நிழல் பக்கத்துக்கும் நான்கு டிகிரி என்ன, அதற்கு மேலேயே வித்தியாசம் இருக்கும். இது பழைய இருபத்திரெண்டு என்று நினைத்து, பைப்பைப் பிரிக்க டார்ச்சைப் பற்றவைத்தால் உள்ளே இருப்பது புரொப்பேன். காற்றில் 2 சதவீதத்தைச் சற்றே தாண்டினாலே பற்றிக்கொள்ளும் பொருள்.

அதனால் ஸ்டாண்டிங் பிரஷர் பார்ப்பதென்றால் வெயில் ஏறுமுன், மெஷின் இரவெல்லாம் நின்றிருந்த பிறகு, இன்டோர், அவுட்டோர் இரண்டும் ஒரே வெப்பத்தில் இருக்கும்போது பார்க்க வேண்டும். கேஸ் முக்கால்வாசி கசிந்து திரவமே மிச்சமில்லை என்றால் அட்டவணை செல்லாது. வெறும் ஆவியின் அழுத்தம் எந்த எண்ணில் வேண்டுமானாலும் நிற்கும். மாடியில் இருக்கும் பையன் போன் செய்வது பெரும்பாலும் இப்படிப்பட்ட காலி மெஷினைப் பார்த்துத்தான். கசிந்ததால்தானே அவனைக் கூப்பிட்டார்கள்.

ஒரு சின்ன விலகல். ஏ.சி.யில் கேஸ் தீர்ந்துபோகும் பொருள் இல்லை. மூடிய குழாயில் சுற்றிச் சுற்றி வருவது அது. வருஷா வருஷம் கேஸ் போட வேண்டியிருந்தால் எங்கோ ஓட்டை. சாக்கடையிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு செம்புக் குழாயைக் கறுக்க வைத்து மெல்ல அரிக்கும். தோல் பதனிடும் ஊராகப் பல காலம் இருந்த இந்தப் பகுதியில் கழிவுநீர்க் கால்வாயை ஒட்டிய வீட்டுக்காரர்கள், கேஸ் விலையை விசாரிப்பதற்கு முன் காயிலைப் பார்க்கச் சொல்வது லாபம்.

மேசைக்குத் திரும்பலாம். ஆர் எண்கள் தற்செயலாக வந்தவை அல்ல, அவற்றுக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. எண்ணோடு 90-ஐக் கூட்டுங்கள். 22-உடன் 90 சேர்ந்தால் 112. கார்பன் ஒன்று, ஹைட்ரஜன் ஒன்று, ஃபுளோரின் இரண்டு, மீதிக் கை ஒன்றில் குளோரின். ஓசோனைக் கெடுப்பது அந்தக் குளோரின். 32-உடன் கூட்டினால் 122: குளோரினுக்கு இடமே இல்லை. 290-உடன் கூட்டினால் 380: கார்பன் மூன்று, ஹைட்ரஜன் எட்டு, ஃபுளோரின் பூஜ்யம். சாட்சாத் புரொப்பேன். 400 வரிசைக் கலவைகளுக்கும் 600 வரிசைக்கும் இந்தக் கணக்கு செல்லாது.

இந்த எண்ணை உருளையின் மேல் எவரும் அச்சடிக்கலாம் என்பதுதான் சங்கடம். 2011-இல் வியட்நாமிலும் பிரேசிலிலும் கப்பல்களில் ஏற்றும் குளிர்சாதன கன்டெய்னர்கள் வெடித்து 3 பேர் இறந்தார்கள். உள்ளே இருந்தது ஆர்-134ஏ என்று நம்பப்பட்டது. ஆனால் கலப்படத்தில் ஆர்-40, அதாவது மெத்தில் குளோரைடு இருந்தது. அது அலுமினியத்தோடு வினைபுரிந்து, காற்றுப் பட்டதும் தானே பற்றிக்கொள்ளும் பொருளை உண்டாக்கும். ஆர்-40-இன் அழுத்தம் ஆர்-134ஏ-வைவிடக் குறைவு. ஆர்-22-இன் அழுத்தம் கூடுதல். இரண்டையும் வேண்டிய விகிதத்தில் கலந்தால் முள் ஆர்-134ஏ-வின் எண்ணில் வந்து நிற்கும். கேஜும் சரி சொல்லும், ஆப்பும் சரி சொல்லும்.

டப்பாவின் நிறத்தை நம்புவதும் அப்படித்தான். பச்சை என்றால் 22, ரோஸ் என்றால் 410 என்பது கடைகளில் இன்றும் புழங்கும் பாடம். அந்த நிறப் பட்டியலை வகுத்த அமெரிக்காவின் ஏ.எச்.ஆர்.ஐ. அமைப்பே அதைக் கைவிட்டு, 2020 முதல் எல்லா உருளைக்கும் ஒரே சாம்பல் கலந்த பச்சை என்று சொல்லிவிட்டது.

எனவே புது உருளை கடைக்கு வந்ததும் மேசையில் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. உருளையிலோ அட்டைப் பெட்டியிலோ ‘யு.என்.’ என்று தொடங்கும் நான்கு இலக்க எண் இருக்கும். ஆர்-22-க்கு 1018. ஆர்-134ஏ-வுக்கு 3159. ஆர்-32-க்கு 3252. ஆர்-290-க்கு 1978, ஆர்-600ஏ-வுக்கு 1969. ‘வாட் கேஸ்?’ ஆப்பில் அந்த எண்ணைக் கொடுத்தால் வரும் பெயரும் டப்பாவின் முகப்பில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். ‘22-க்குப் பதிலாகப் போடலாம்’ என்று மலிவாக வரும் டப்பாவில் 1978 இருந்தால், விற்றவரிடம் பேச விஷயம் இருக்கிறது. எண்ணே இல்லாத டப்பா என்றால் பேசவே வேண்டாம், திருப்பி அனுப்பலாம். பெரிய கள்ளனை இது பிடிக்காது. சோம்பேறிக் கள்ளனையும் கவனக்குறைவான டீலரையும் பிடிக்கும், சந்தையில் அவர்கள்தான் அதிகம் என்பது என் எண்ணம்.

ஆர்-22 இனி அரிதாகும். மேட்டூர் கெம்ப்ளாஸ்ட் ஆலையில் தமிழ்நாட்டிலேயே தயாரான வாயு அது. மான்ட்ரியல் ஒப்பந்தப்படி, புதிய கருவிகள் தயாரிப்பில் அதன் வகையறாவைப் பயன்படுத்துவது 2024 டிசம்பர் 31-உடன் இந்தியாவில் நின்றது. பழைய மெஷின்களின் சர்வீசுக்கான அளவும் 2030-இல் அடிமட்டத்துக்கு இறங்கி, 2040 வரை ஒரு சிறு துளியாக மட்டும் நீடிக்கும். பம்மலின் ஜன்னல் ஏ.சி.கள் அதற்குள் எல்லாம் ஓய்வு பெற்றுவிடுமா? கம்ப்ரஸர் ஓடுகிறவரை நம்மாட்கள் எதையும் தூக்கிப் போடுவதில்லை. சரக்கு குறைந்து கேட்பவர்கள் மிச்சமிருந்தால் ‘22 மாதிரி’யான டப்பாக்கள் பெருகும். ஆர்-410ஏ, ஆர்-32 வகையறாவுக்கும் அதே ஒப்பந்தத்தின் கிகாலி திருத்தப்படி 2032 முதல் படிப்படியான குறைப்பு காத்திருக்கிறது. மெக்கானிக்கின் பையில் வாயு வகைகள் கூடுமே தவிரக் குறையாது.

ஸ்டிக்கரும் இல்லை, மாடல் எண்ணும் படிக்க முடியவில்லை, கேஜும் குழப்புகிறது என்றால்? அப்போது அதைத் தீப்பிடிக்கும் வாயு என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். டார்ச் கிடையாது, பீடி கிடையாது, பக்கத்தில் சுவிட்ச் போடுவதும் கிடையாது. இருப்பதன் மேல் ‘டாப் அப்’ செய்வது அறவே கூடாது. உள்ளே இருப்பதை ரெக்கவரி மெஷினால் தனி உருளைக்கு இழுத்து, ‘தெரியாதது’ என்று எழுதி, மற்ற உருளைகளோடு சேராமல் வைக்க வேண்டும். தீப்பிடிக்கும் வாயுவையும் தாங்கும் ரெக்கவரி மெஷினாக அது இருக்க வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும். பிறகு கம்ப்ரஸரின் மேல் இருக்கும் மாடல் எண்ணைக் கடைக்கு அனுப்பினால், தயாரித்தவரின் விவரப் பக்கத்தில் அது எந்த வாயுவுக்கானது என்று பெரிய திரையில் தேடி எடுத்துவிடலாம். நைட்ரஜனில் லீக் பார்த்து, வேக்கம் போட்டு, எடை மெஷினில் நிறுத்துப் புதிதாக நிரப்ப வேண்டியதுதான்.

முழு சார்ஜுக்குக் காசு என்றதும் வீட்டுக்காரர், “போன வருஷம் கொஞ்சம்தானே போட்டீங்க?” என்பார். ரெக்கவரிக்கு இவ்வளவு, லீக் டெஸ்டுக்கு இவ்வளவு, வேக்கத்துக்கு இவ்வளவு, எந்த வாயு, எத்தனை கிராம், உருளையின் யு.என். எண் என்ன என்று வரிவரியாகப் பில் போட்டுக் கொடுங்கள். அதில் ஒரு நகலை அவுட்டோர் மூடியின் உட்பக்கம், வெயில் படாத இடத்தில், பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டிவிட்டு வரச் சொல்லுங்கள். அடுத்த சித்திரையில் மாடி ஏறுகிறவன் உங்கள் கடைப் பையனாக இல்லாமலும் போகலாம்.